சின்ன ஏரியில் கெண்டைத் தூண்டில் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன், வார இறுதியில் தூண்டில் போட்டிக்குப் போகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையும், போட்டிக்குப் புதிதாக வர நினைப்பவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எடையை ராத்தலில் சொல்கிறேன், பவுண்டு என்றால் காசோடு குழம்பும். ஒரு ராத்தல் ஏறக்குறைய 450 கிராம்.

பெரிய மீன் பிடித்தவர்தான் ஜெயிப்பாரா?

இல்லை. பெரும்பாலும் ஐந்து மணி நேரம் நடக்கும், அதற்குள் நீங்கள் பிடித்த எல்லா மீனின் மொத்த எடைதான் கணக்கு. 15 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரை, சத்தமில்லாமல் இரண்டு ராத்தல் மீன்களாக இழுத்துக்கொண்டிருக்கும் பக்கத்து ஆள் எளிதாகத் தாண்டிவிடுவார். கோடையில் நல்ல ஏரியில் ஜெயிக்க 100 ராத்தலுக்கு மேல் வேண்டியிருக்கும், சில இடங்களில் 200 கூடப் போகும்.

எங்கே நடக்கிறது? ஆற்றிலா?

ஆற்றிலும் கால்வாயிலும் போட்டி உண்டு, பழைய மரபு அதுதான். நான் சொல்வது இதற்கென்றே வெட்டி, மீன் விட்டு, நாள் கட்டணம் வாங்கி நடத்தும் ஏரிகளை. இங்கே இவற்றை கமர்ஷியல் என்றே சொல்கிறார்கள். விவசாயம் பார்த்த நிலத்தில் வெட்டியவை நிறைய. ஓரிரண்டு ஏக்கர்தான் இருக்கும், நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டு வந்தால் இது ஒரு ஓரத்துக்குக் காணாது. நாலைந்து அடி ஆழம், நடுவில் ஒரு தீவு, கரையைச் சுற்றி இருபது முப்பது மரமேடைகள். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு எண், அதற்குப் பெயர் பெக். வாரிக்ஷயரில் டனல் பார்ன் ஃபார்ம், வூஸ்டர்ஷயரில் லார்ஃபோர்ட் லேக்ஸ், டான்காஸ்டர் பக்கம் லிண்ட்ஹோம், கார்ன்வாலில் வைட் ஏக்கர்ஸ் எல்லாம் போட்டிக்காரர்கள் மத்தியில் பிரபலமான இடங்கள். ஃபிஷ் ஓ மேனியா என்று 1994-இல் தொடங்கிய போட்டிக்கு இந்த மாதிரி ஏரிகளில்தான் தகுதிச் சுற்று நடக்கும், இறுதிச் சுற்றைத் தொலைக்காட்சியிலேயே காட்டுவார்கள்.

என்ன மீன்?

சாதாக் கெண்டை, அதிலேயே செதில் குறைந்த மிரர் கார்ப், அப்புறம் எஃப்1. இந்த எஃப்1 சாதாக் கெண்டைக்கும் குரூசியன் என்ற சின்னக் கெண்டைக்கும் பிறந்த கலப்பினம். குளிரிலும் ஓரளவு தின்னும் என்பதால் ஏரிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த மீன். ஆனால் அது இரையை வாயில் வாங்கித் துப்புகிற வேகத்துக்குத் தக்கை அசைவதுகூடத் தெரியாது. சாதாக் கெண்டை நமக்கும் அந்நியம் இல்லை. 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள், இந்தியாவுக்குள் அது வந்தது அப்படித்தான்.

பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துவரலாமா?

கூடாது. எடை போட்டதும் எல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் போய்விடும். ஏரிக்காரரின் அனுமதி இல்லாமல் ஒரு மீனை எடுத்தாலும் சட்டப்படி குற்றம், இதில் விளையாட்டு வேண்டாம். அந்த மீன் அவர் காசு போட்டு வாங்கி விட்டது, அதே மீனைத்தான் அடுத்த வாரம் வேறொருவர் பிடிக்கப்போகிறார். மீன் வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏரி மீனை விடக் கடல் மீன் குழம்புக்கு எவ்வளவோ மேல்.

உரிமம் வேண்டுமா?

கண்டிப்பாக. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 13 வயதோ அதற்கு மேலோ ஆன யாரும் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. 13 முதல் 16 வயதுவரை இலவசம், ஆனால் எடுத்து வைத்திருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். இது ஏரிக் கட்டணத்தில் சேராது, தனி. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம் உண்டு, பெரும்பாலான ஏரிகளுக்கு அது 1995-லேயே விலகிவிட்டதால் ஆண்டு முழுக்கப் போட்டி நடக்கிறது.

அந்த நீளமான கழி இல்லாமல் போட்டிக்குப் போக முடியாதா?

போகலாம். முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். போல் என்கிற அந்தக் கழி கார்பன் ஃபைபரில் செய்தது, துண்டு துண்டாகச் சொருகிக்கொண்டே போனால் 13 மீட்டர், 16 மீட்டர்வரை நீளும். நூல் சுற்றும் ராட்டினம் கிடையாது. கழியின் நுனித் துண்டுக்குள் எலாஸ்டிக் ஓடும், அதன் முனையில் நரம்பு (தூண்டில் நூல்), தக்கை, முள். மீன் இழுத்தால் எலாஸ்டிக் வெளியே வந்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். நீங்கள் கழியைப் பின்னால் உருளைத் தாங்கி மேல் தள்ளிக்கொண்டே வந்து நுனித் துண்டை மட்டும் கழற்றி மீனைக் கைவலையில் ஏந்த வேண்டும். இதில் உள்ள பெரிய லாபம் துல்லியம். 13 மீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் இரையைக் கொட்டி, அதே தட்டுக்குள் முள்ளையும் இறக்கலாம். சின்ன ஏரியில் இந்த வசதியை வேறெதுவும் தராது.

ஆனால் புதுக் கழி விலை கண்ணைக் கட்டும். பழையது வாங்குங்கள், 11 மீட்டர் போதும். கழியே இல்லாவிட்டால் ஒரு சின்ன ராட்டினத் தூண்டிலும் மெத்தட் ஃபீடரும் வைத்துக்கொண்டே நல்ல எடை போடலாம். ஃபீடர் என்பது ஒரு சின்னக் கூடு. ஊறவைத்த பொடிக் குருணைத் தீனியை (பெல்லட்) அதன் மேல் அச்சில் வைத்து அமுக்கி, நடுவில் முள்ளைப் புதைத்து எறிவது. தீவு ஓரத்தை ஒட்டி எறியப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காசு செலவழிக்க ஆசை இருந்தால் நல்ல உட்காரும் பெட்டி வாங்குங்கள் என்பேன். ஐந்து மணி நேரம் முதுகு வலியோடு இரை போடுகிறவருக்கு மூன்றாவது மணியிலேயே கவனம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளியிருந்தால்தான் கழியைத் தூக்க வேண்டும். கழியைக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான். இதில் உயிர் போயிருக்கிறது.

போட்டி நாள் காலையில் என்ன நடக்கும்?

தேநீர், முட்டை வைத்த ரொட்டி, பேச்சு. அப்புறம் சீட்டு எடுப்பார்கள். ஒரு பைக்குள் கையை விட்டு எண்ணை எடுப்பீர்கள், அந்த எண் உள்ள மேடைதான் அன்றைக்கு உங்கள் இடம், மாற்ற முடியாது. எல்லாச் சாமானையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அமைக்க ஒன்றரை மணி நேரமாவது கிடைக்கும். விசில் ஊதிய பிறகுதான் தண்ணீருக்குள் இரை போகலாம். அதற்கு முன்னால் ஆழம் பார்க்கலாம், ஒரு குருணைகூடப் போடக்கூடாது.

மோசமான இடம் விழுந்தால்?

விழும். ஓரத்து மேடையில் ஒரு பக்கம் ஆள் இல்லாததால் மீன் அங்கே ஒதுங்கும், கோடையில் வெதுவெதுப்பான காற்று அடித்துச் சேரும் கரையிலும் மீன் இருக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் அந்த எண் வராது. அதற்காகத்தான் மேடைகளைச் சின்னப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருபவருக்குப் பரிசு வைக்கிறார்கள். உங்களுக்கு இருபுறமும் உள்ளவர்களை ஜெயிக்கப் பாருங்கள்.

விசிலுக்கு முன்னால் எதற்கு அவ்வளவு நேரம் ஆழம் பார்க்கிறார்கள்?

கெண்டை தரையில் மேயும் மீன். முள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், இரண்டு அங்குலம் மேலே தொங்கினாலே அன்றைய கதை வேறு. முள்ளில் ஒரு சின்ன எடைக்குண்டை மாட்டி இறக்குவார்கள். தக்கை முங்கிப்போனால் ஆழம் அதிகம், உடம்பு வெளியே நின்றால் குறைவு. தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிகிற வரைக்கும் தக்கையை நரம்பில் மேலும் கீழும் நகர்த்தி, அந்த அளவை நுனித் துண்டில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்வார்கள். நரம்பு அறுந்து புதிது மாட்டினால் அந்தக் கோட்டுக்கு நேராக வைத்தால் போதும். அதோடு முடியவில்லை. வலப்பக்கம் ஒரு முழம், இடப்பக்கம் ஒரு முழம் பார்த்து, தரை சரிகிறதா சமமாக இருக்கிறதா என்று தடவித் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். சரிவில் போட்ட தீனி உருண்டு போய்விடும், மீனும் அதன் பின்னாலேயே போய்விடும். சமதளம் கிடைக்கிறவரை தேடுங்கள்.

இந்த எடைக்குண்டும் நரம்பில் கடிக்கும் குண்டுகளும் ஈயத்தில் இருக்காது. அன்னப்பறவைகள் ஈயத்தை விழுங்கிச் சாகின்றன என்பதற்காக, மிகப் பொடியான குண்டுகளைத் தவிர தூண்டிலுக்கான சின்ன ஈயக்குண்டுகளை 1987-இல் தடை செய்துவிட்டார்கள்.

எவ்வளவு இரை போட வேண்டும்?

போட்டி மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது. கழியின் விலை, முள்ளின் அளவு, நரம்பின் தடிமன் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் தண்ணீர் சூடாக இருக்கும் காலத்தில் அது தின்றுகொண்டே இருக்க முடியும், குளிர்ந்துவிட்டால் உடம்பின் எல்லா வேலையும் மெதுவாகி, கொஞ்சம் தின்றாலே நிறுத்திக்கொள்ளும். ஆக, ஜூலையில் ஒரு தேநீர்க் கோப்பை நிறையக் கொட்டினால் மீன் கூட்டமாக வரும். அதே அளவை ஜனவரியில் கொட்டினால் அந்த இடத்தையே நீங்கள் கொன்றுவிட்டீர்கள், கொட்டியதைத் திரும்ப அள்ளவும் முடியாது. குறைவாகத் தொடங்கினால் கூட்டிக்கொள்ளலாம் என்று இங்கே கிழவர்கள் சொல்வது அதனால்தான்.

கோடையில் நான் செய்வது இது. விசில் ஊதியதும் 13 மீட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் குருணை, அதோடு பத்துப் பன்னிரண்டு மக்காச்சோள மணி. ஐந்து மீட்டரில் வேறொரு இடம், அங்கே முள் போடாமல் கையால் ஆறு ஏழு குருணை மட்டும், நிமிடத்துக்கு ஒரு தரம், விடாமல். இந்த இரண்டாவது இடத்தைத்தான் புதியவர்கள் கைவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் அங்கே ஒன்றும் நடக்காது, கை வலிக்கும், தூரத்தில் மீன் கொத்திக்கொண்டிருக்கும்போது இதை எதற்குப் போடுகிறோம் என்று தோன்றும். போடுங்கள். தூரத்து இடம் ஓய்ந்ததும் இது தயாராக இருக்கும், அதுவும் ஐந்து மீட்டரில் ஒரு மீனைப் பிடிக்க ஆகும் நேரம் 13 மீட்டரில் ஆவதில் பாதிதான்.

கொத்து நின்றுவிட்டால் உடனே இன்னும் கொட்டத் தோன்றும். முதலில் யோசியுங்கள். குமிழ் வருகிறதா? வந்தால் மீன் இருக்கிறது, தரையைக் கிளறித் தின்கிறது, உங்கள் முள் மேல் உள்ள இரையில்தான் ஏதோ சரியில்லை. குமிழும் இல்லை, தக்கை உரசுவதும் இல்லை என்றால் மீன் போய்விட்டது. அப்போது ஒரு சின்ன அளவு போட்டுவிட்டு வேறு இடத்தில் பத்து நிமிடம் பாருங்கள், போன இடத்தில் தொந்தரவு இல்லை என்றால் அவை திரும்ப வரும்.

மீன் வாயில் மாட்டாமல் துடுப்பிலும் முதுகிலும் மாட்டுகிறதே, ஏன்?

மீன் தரையில் இல்லை, இறங்கும் தீனியை நடுத்தண்ணீரிலேயே வாங்கிக்கொள்கிறது. நீங்கள் விடாமல் தூவிக்கொண்டே இருந்தால் இது நடக்கும். அவை நரம்பை உரச, தக்கை முங்க, நீங்கள் சுண்ட, முள் உடம்பில் ஏறிவிடும். அப்படி மாட்டினது கண்டபடி ஓடி, கூட்டத்தையும் கலைத்துவிட்டுக் கடைசியில் ஒரு செதிலை மட்டும் முள்ளில் விட்டுப் போகும். மீனுக்கும் காயம். தூவுவதை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தில் ஒரே தடவையாக இறக்குங்கள், கொஞ்சம் கனமான தீனியாகப் போடுங்கள். இல்லையென்றால் அவை இருக்கும் உயரத்துக்கே போய், ஓரடி ஆழத்தில் முள்ளைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். வெயில் நாளில் இந்த இரண்டாவது வழியில்தான் பெரிய எடை வரும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கரையோரம் போடுகிறார்களே?

சின்ன ஏரியில் இதை விட மனசுக்குப் பிடித்த நேரம் எனக்கு இல்லை. பகல் முழுக்கக் கரையில் நடமாட்டம் இருப்பதால் மீன் தள்ளியே இருக்கும். மூன்று நான்கு மணிநேரம் ஆனதும் அவை பயம் விட்டு ஓரத்துக்கு வரத் தொடங்கும், பெரியவையும் அதில் வரும். உங்கள் மேடையிலிருந்து ஐந்தாறு மீட்டர் பக்கவாட்டில், கரையை ஒட்டி, ஒன்றரை இரண்டடி ஆழமுள்ள இடத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். கடைசி ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அங்கே ஈரப்பொடித் தீனியும் செத்த ஈப்புழுவும் கலந்து இரண்டு கோப்பை கொட்டிவிட்டு, எழுந்து போய்ப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள்.

முதலில் ஒரு நாணல் அசையும், காற்று இல்லாமலே. அப்புறம் தண்ணீர் பால்தேநீர் நிறத்துக்குக் கலங்கும். சில சமயம் ஒரு வால் வெளியே எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போகும். தக்கையை இறக்கினால் அது ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காது, சாய்ந்து, நடுங்கி, ஒரு பக்கமாக நகரும். எல்லாம் மீன் உடம்பு நரம்பில் உரசுவது, சுண்டாதீர்கள். தக்கை நின்ற நிலையில் நிதானமாக, முழுசாக, திரும்பி வராமல் கீழே போகும் பாருங்கள், அதுதான் கொத்து. அதற்குக் காத்திருக்கத் தெரிந்தவர் கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் 50, 60 ராத்தல் சேர்த்துவிடுவார்.

வலைக்கு எடை வரம்பு என்று சொல்கிறார்களே, அது என்ன?

பிடித்த மீனை எடை போடும்வரை தண்ணீருக்குள் தொங்கும் நீள வலையில் வைத்திருப்போம். ஒரே வலையில் மீன் நெரிசலாகிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வலைக்கு இவ்வளவுதான் என்று ஏரிக்காரர்கள் விதி வைக்கிறார்கள். 50 ராத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வலையில் 58 இருந்தாலும் கணக்கில் 50தான் ஏறும், மீதி எட்டும் போச்சு. அதனால் ஒவ்வொரு மீனையும் பிடிக்கும்போதே எடையை மதிப்பிட்டுக் கைக்கடக்கமான எண்ணியில் அழுத்திக்கொண்டே வர வேண்டும், 45 ஆனதும் அடுத்த வலைக்குப் போய்விட வேண்டும். நல்ல நாளில் நான்கு வலைகூட வேண்டியிருக்கும். கெண்டைக்கும், வெள்ளி மீன்கள் என்று சொல்லும் ரோச், பிரீம் போன்றவற்றுக்கும் தனித்தனி வலை கேட்கும் ஏரிகளும் உண்டு.

வலைகளை வீட்டிலிருந்து கொண்டுவர விடாமல், ஏரிக்காரர்களே தருவதும் பல இடங்களில் நடக்கிறது. கோய் ஹெர்பிஸ் வைரஸ் என்ற நோய் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு ஈரமான வலையில் ஒட்டிக்கொண்டு போகக்கூடும், வந்தால் கெண்டைகள் கொத்துக்கொத்தாகச் சாகும். உங்கள் வலையாக இருந்தால் வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் அடுத்த ஏரிக்கு எடுத்துப்போகாதீர்கள்.

மீனுக்கு வலிக்காதா?

இதை மழுப்ப விரும்பவில்லை. முள் குத்துகிறது, அது மீனுக்கு நல்லதில்லை. அதனால்தான் செய்வதைச் சரியாகச் செய்ய வேண்டும். கமர்ஷியல் ஏரிகளில் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் அனுமதி, அது உள்ளே போன வழியிலேயே வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பைத் துடைத்துவிடும், நோயிலிருந்து அதைக் காப்பது அந்த வழவழப்புதான். நின்றுகொண்டு முள்ளை எடுக்காதீர்கள், துள்ளினால் மரமேடையில் விழும். முட்டி போட்ட உயரத்தில், கைவலையிலேயே வைத்து எடுங்கள். கடும் வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது வலைகளை வைக்க வேண்டாம் என்று ஏரிக்காரர் சொன்னாலோ, போட்டியையே தள்ளிவைத்தாலோ முணுமுணுக்காமல் வீட்டுக்குப் போகலாம்.

எடை எப்படிப் போடுகிறார்கள்?

முடிவு விசில் ஊதியதும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். தராசுக்காரர்கள் ஒன்றாம் எண்ணிலிருந்து வருவார்கள். நனைத்த பையில் வலையைக் கவிழ்த்து, முக்காலியில் தொங்கும் தராசில் மாட்டி, உரக்க ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். நீங்களும் கூட நின்று பாருங்கள், எண் சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. விசில் ஊதும்போது தூண்டிலில் மாட்டியிருக்கும் மீன் கணக்கில் சேருமா என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு விதி, காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கிடைக்குமா?

எல்லோரும் கட்டும் பணத்தில் ஏரிக் கட்டணம் போக மீதியைப் பிரித்துத் தருவார்கள். சின்னச் சங்கப் போட்டியில் ஜெயித்தால் பெட்ரோல் செலவும் இரைச் செலவும் தேறும். இதை வைத்து வீட்டுக் கடன் கட்ட முடியாது.

குளிர்காலத்திலும் போகலாமா?

போகலாம், ஆட்டம் முழுக்க மாறிவிடும். தண்ணீர் எட்டுப் பத்து டிகிரிக்குக் கீழே போனதும் மீன்கள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். தீனி போடாமல், ரொட்டியிலிருந்து ஒரு சின்ன வட்டம் வெட்டி முள்ளில் மாட்டி, அவை எங்கே நிற்கின்றன என்று அடி அடியாகத் தேட வேண்டும். 20 ராத்தலில்கூட ஜெயிக்கலாம். உள்ளே இரண்டு காலுறை போடுங்கள்.

தூண்டிலே பிடித்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கும் ஏரிக்குப் போய், கடைசி இரண்டு மணி நேரம் ஒருவருக்குப் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்காதீர்கள், ஓரத்து மீன் ஓடிவிடும். அவர் எத்தனை தடவை, எவ்வளவு இரை போடுகிறார் என்று மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு. முடிந்த பிறகு பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மனம் திறந்து சொல்வார்கள், இரண்டு முள் கட்டி வைத்த நரம்பையும் கையில் கொடுப்பார்கள். நம் ஆட்கள் இந்தக் கரைகளில் குறைவுதான், ஆனால் ஒதுக்கிப் பார்ப்பதை நான் பார்த்ததில்லை. ஓரிரு மாதம் சும்மா நாட்களில் அதே ஏரியில் பழகுங்கள், அப்புறம் அருகிலுள்ள சங்கத்தில் சேருங்கள். முதல் போட்டியில் பரிசுப் பணத்தில் பங்கு வேண்டாம், ஏரிக் கட்டணம் மட்டும் கட்டி எடை போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டாலும் பல சங்கங்கள் சரி என்பார்கள்.